பஸ் லேன் காலியாகத்தான் தெரியும்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: உங்கள் புறநகரில் ஒரு பக்கத்துக்கு மூன்று லேன் கொண்ட பத்து கிலோமீட்டர் பெரிய சாலை, காலையிலும் மாலையிலும் கார்கள் ஊர்ந்துதான் போகின்றன. அதில் ஒரு லேனைப் பிடுங்கி 'பஸ்ஸுக்கு மட்டும்' என்று கோடு போட்டால் மீதி இரண்டில் நெரிசல் இன்னும் மோசமாகாதா? அதுவும் அந்த லேன் பாதி நேரம் காலியாகக் கிடக்கும்போது?

ஆகலாம். அரைகுறையாகச் செய்தால் நிச்சயம் ஆகும். செய்து கெடுத்த ஊர்களும் உண்டு, அதையும் கீழே சொல்கிறேன். ஒழுங்காகச் செய்தால் கார்க்காரர்களுக்குப் பெரிதாக ஒன்றும் குறையாமலே பஸ்ஸில் போகிறவர்களின் நேரம் நன்றாக மிச்சமாகும். எது எந்தப் பக்கம் சாயும் என்பது பெரும்பாலும் சிக்னலுக்கு முந்தின நூறு மீட்டரில் முடிவாகிவிடுகிறது. சந்திப்புகளில் நின்று வண்டி எண்ணுவதும், அந்தக் கணக்கை வைத்துக் கோடு எங்கே போடலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதும் என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் 'காலி' சமாச்சாரம். பஸ் லேன் காலியாகத்தான் தெரியும். நன்றாக ஓடுகிற பஸ் லேன் என்றால் இன்னும் காலியாகத் தெரியும். 12 மீட்டர் நீளமுள்ள பஸ், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், உங்கள் கண் முன்னால் ஒரு புள்ளியைக் கடக்க ஒன்றரை விநாடிகூட ஆகாது. இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று, அதாவது மணிக்கு 24 பஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் அந்தப் புள்ளியில் பஸ் இருக்கும் மொத்த நேரம் சுமார் 35 விநாடி. மீதி 59 நிமிடச் சொச்சமும் வெறும் தார்தான். பக்கத்து லேனில் நின்றுகொண்டிருக்கும் கார்க்காரர் அந்த வெறும் தாரைத்தான் பார்க்கிறார், பார்த்து வயிறெரிகிறார். அவர் நிற்கும் லேன் ஏன் 'நிரம்பி' இருக்கிறது என்றால், அது நகரவில்லை, அதனால். நின்றுபோன வண்டிகளால் ஒரு லேன் எப்போதும் நிரம்பியே இருக்கும். அதைப் பார்த்து இந்த லேன் நன்றாகப் பயன்படுகிறது என்று நினைப்பது, கூட்டம் நெட்டித் தள்ளும் கவுன்ட்டரைப் பார்த்து இங்கே வேலை வேகமாக நடக்கிறது என்று நினைப்பது மாதிரி.

சரி, வண்டியை விட்டுவிட்டு ஆளை எண்ணுவோம். தடையே இல்லாமல் பச்சை எரிந்துகொண்டே இருந்தால், ஒரு லேன் வழியாக மணிக்குச் சுமார் 1,800 கார்கள் போகும், இரண்டு விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில். ஆனால் புறநகர்ச் சாலையில் எங்கே எப்போதும் பச்சை எரிகிறது? குறுக்கே வருகிறவர்களுக்கு விட வேண்டும், திரும்புகிறவர்களுக்கு விட வேண்டும், நடந்து கடக்கிறவர்களுக்கு விட வேண்டும். நேரே போகிற நமக்கு நேரத்தில் 45 சதவீதம் பச்சை கிடைத்தால் பெரிய விஷயம். ஆக ஒரு லேனுக்கு மணிக்கு 810 கார். வேலைக்குப் போகும் நேரத்தில் ஒரு காருக்குள் பெரும்பாலும் ஒரே ஆள்தான், தாராளமாக 1.3 என்று வைத்தாலும் 1,050 பேர். முன்னே சொன்ன 24 பஸ்ஸில் ஒவ்வொன்றிலும் 45 பேர் என்றால் 1,080 பேர். அவ்வளவுதான், சமமாகிவிட்டது. வித்தியாசம் என்னவென்றால் கார் லேன் அந்த 1,050-லேயே மூச்சுத் திணறி நிற்கும், பஸ் லேனிலோ இன்னும் எவ்வளவோ இடம் பாக்கி. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான நேக்டோ தன் வழிகாட்டியில் போட்டிருக்கும் கணக்கும் இதே தினுசுதான்: கார்கள் மட்டும் போகும் லேனில் மணிக்கு 600 முதல் 1,600 பேர், பஸ்ஸுக்குத் தனியாக ஒதுக்கிய லேனில் 4,000 முதல் 8,000 பேர்.

உச்சபட்சமாக என்ன முடியும் என்று பார்க்க வேண்டுமானால் நியூயார்க்கின் லிங்கன் சுரங்கப்பாதைக்கு வரும் சாலையைப் பாருங்கள். நியூ ஜெர்சிப் புறநகர்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்காக 1970 டிசம்பரில் ஆரம்பித்தார்கள். சுமார் 4 கிலோமீட்டர், ஒரே ஒரு லேன், காலை நான்கு மணி நேரம் மட்டும். அதில் ஒரு காலையில் 1,850 பஸ்கள் அளவில் ஓடி 70,000 பேருக்கு மேல் கொண்டுவந்து சேர்க்கின்றன. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது எண்ணிக்கை இல்லை. அந்த லேனை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான். நெரிசலான பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. காலையில் ஊரை விட்டு வெளியே போகிற பக்கம் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் அல்லவா, அதிலிருந்து ஒரு லேனைத் தினமும் காலையில் தடுத்து, எதிர்த்திசையில் பஸ்ஸை விடுகிறார்கள். காலையில் ஒரு பக்கம் திணறுவதும் மறுபக்கம் காற்றாடுவதும் புறநகர்ச் சாலைகளின் பிறவிக்குணம். சாலையின் வடிவம் இடம் கொடுக்குமானால் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான், ஆனால் பெரும்பாலான இடங்களில் சந்திப்புகள் அடிக்கடி வருவதால் முடியாமல் போய்விடும்.

இப்போது நான் சொன்ன நூறு மீட்டருக்கு வருகிறேன்.

புனல் வைத்து எண்ணெய் ஊற்றியிருப்பீர்கள். மேலே வாய் எவ்வளவு அகலம் என்பது ஒரு பொருட்டே இல்லை, கீழே குழாய் விடுகிற அளவுதான் இறங்கும். புறநகர்ச் சாலையும் அப்படியே. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கிலோமீட்டரில் மூன்று லேன் இருந்தாலும் ஐந்து லேன் இருந்தாலும், அந்தப் பக்கத்துச் சிக்னல் ஒரு பச்சையில் எத்தனை வண்டியை விடுகிறதோ அத்தனைதான் போகும். நடுவில் இருக்கும் மூன்றாவது லேன் நெரிசல் நேரத்தில் வண்டிகள் நிற்கிற கொட்டகை, அவ்வளவுதான். ஆகவே நடுவில் அந்த லேனை பஸ்ஸுக்குக் கொடுத்தால் சாலையின் 'சக்தி' குறைந்துவிடாது. சிக்னலின் வாசலில் கொடுத்தால்தான் குறையும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் பஸ் லேனைச் சிக்னல் கோடு வரைக்கும் இழுக்க மாட்டார்கள், கொஞ்சம் முன்பே நிறுத்திவிடுவார்கள். எவ்வளவு முன்பு? பச்சை 40 விநாடி என்றால் ஒரு லேனில் 20 கார் போகும். நின்றிருக்கும் கார் ஒன்றுக்கு, நடுவில் விடும் இடைவெளியையும் சேர்த்து, ஆறரை மீட்டர். 20 கார் நிற்க 130 மீட்டர். அந்தக் கடைசி 130 மீட்டரில் மூன்று லேனும் எல்லோருக்கும் பொது. சிவப்பு எரியும்போது மூன்றும் நிரம்பும், பச்சை விழுந்ததும் மூன்றும் காலியாகும், முன்பு எத்தனை கார் போனதோ இப்போதும் அத்தனையே போகும். பஸ்ஸோ பின்னால் முக்கால் கிலோமீட்டருக்கு நிற்கும் வரிசையைத் தாண்டி நேரே இந்த 130 மீட்டருக்குள் வந்து நின்றுவிடும், அதிகபட்சம் ஒரு சிவப்போடு தப்பித்துவிடும். பஸ்ஸுக்கு லாபம், காருக்கு நஷ்டம் இல்லை. மந்திரமும் இல்லை மாயமும் இல்லை, வெறும் பெருக்கல்.

ஒரு வில்லங்கம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அந்த 130 மீட்டருக்குப் பின்னால், மூன்று லேனில் நின்ற வரிசை இப்போது இரண்டில் நிற்க வேண்டும். 120 கார்கள் மூன்று வரிசையில் நின்றால் 260 மீட்டர், இரண்டில் நின்றால் 390 மீட்டர். காத்திருக்கும் நேரம் அதேதான், வரிசை மட்டும் நீளமாகிறது. பின்னால் வெற்றிடம் இருந்தால் பரவாயில்லை. அந்த வால் போய் முந்தின சந்திப்பை அடைத்துவிட்டால், குறுக்கே போகிறவனும் நிற்பான், அவனால் இன்னொரு சாலை நிற்கும், அப்புறம் ஊரே கெட்ட வார்த்தை பேசும். ஆகவே கோடு போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டியது லேன் அகலத்தை இல்லை, வரிசையின் வாலை. இதை அளக்காமல் வரைபடத்தில் மட்டும் பார்த்துச் சிவப்பு வண்ணம் தீட்டிய திட்டம் ஒன்றில் நானும் கூட இருந்திருக்கிறேன். மூன்றாவது நாளே பின்னாலிருந்த சந்திப்பு பூட்டிக்கொண்டது. திட்டம் தப்பில்லை, நீளம் தப்பு என்று சொல்லிப் பார்த்தோம், யாரும் காதில் வாங்கவில்லை. நானாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

இதற்கு நல்ல உதாரணம், ஆனால் கெட்ட பெயர் எடுத்த உதாரணம், லண்டனுக்குள் வரும் எம்4 நெடுஞ்சாலை. அங்கே மூன்று லேன் சாலை ஊரை நெருங்கும்போது மேம்பாலத்தில் இரண்டு லேனாகக் குறுகுகிறது. 1999-ல் அந்தக் குறுகலுக்கு முன்னாலேயே ஒரு லேனை பஸ்ஸுக்கும் டாக்ஸிக்கும் ஒதுக்கினார்கள். எப்படியும் இரண்டாகப்போகிற சாலைதானே, கடைசி நிமிடத்தில் முண்டியடித்து நுழைவதற்குப் பதில் முன்பே இரண்டாகிவிடட்டும் என்பது கணக்கு. ஓட்டிப்போகிறவர் கண்ணுக்கோ ஒரு லேன் சும்மா கிடக்கிறது, தான் மட்டும் நிற்கிறோம். பத்திரிகைகள் கிழித்தன, 'காரோட்டிகள் மீதான போர்' என்ற பேச்சுக்கே அது அடையாளமாகிவிட்டது, 2010 கடைசியில் எடுத்துவிட்டார்கள். பொறியாளர் கணக்கில் ஜெயித்து, ஊர் வாயில் தோற்றது அந்த லேன்.

அடுத்தது பஸ்ஸுக்குள்ளே. பஸ் ஏன் மெதுவாகப் போகிறது என்று கேட்டால் டிராஃபிக் என்பார்கள். ஒருமுறை ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். நான் போனபோது முதலில் கவனித்தது நிறுத்தத்திலிருந்து வெளியே வரும் நேரத்தை. பஸ் நிற்பதற்கென்று ஓரத்தில் குடைந்து இடம் விட்டிருப்பார்கள் அல்லவா, பார்க்க அது பஸ்ஸுக்குச் செய்த சலுகை மாதிரி இருக்கும். ஆள் ஏறி இறங்கிக் கதவு மூடி, இண்டிகேட்டர் போட்டு, டிரைவர் கழுத்தைத் திருப்பிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கார் போகிறது, இன்னொன்று, பின்னாலேயே ஒரு வேன், அது கொஞ்சம் தயங்குகிற மாதிரி தெரிந்து இவர் மூக்கை நீட்டினால் அது ஹாரன் அடித்துக்கொண்டு முன்னே பாய்கிறது. மறுபடியும் பிரேக், நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள். ஏழாவதோ எட்டாவதோ காருக்குப் பிறகு வெளியே வந்தார். வந்த அந்த நேரத்தில் முன்னால் இருந்த சிக்னல் சிவப்பாகிவிட்டது. பத்து விநாடி தாமதம் ஒன்றரை நிமிடமாகக் குட்டி போட்டது. இருபது நிறுத்தம் உள்ள வழியில் இது எத்தனை முறை நடக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். லேன் தனியாக இருந்தால் பஸ் லேனிலேயே நிற்கும், லேனிலேயே கிளம்பும், யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

இந்தச் சின்னச் சின்னத் தாமதங்களின் இன்னொரு விளைவு, 'அரை மணி நேரம் ஒன்றும் வராது, வந்தால் இரண்டாக வரும்' என்று எல்லோரும் புலம்புவது. யாருடைய சோம்பேறித்தனமும் அதற்குக் காரணம் இல்லை. முன்னால் போகும் பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக ஆள் சேர்ந்திருப்பார்கள், அவர்கள் ஏற நேரமாகும், இன்னும் தாமதமாகும், அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆளே இல்லை, காற்றாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். நீங்கள் சாலையில் பார்க்கிற 'பாதி காலி பஸ்' பல சமயம் இந்த இரண்டாவது பஸ்தான். அதைப் பார்த்து பஸ்ஸுக்கு ஆள் இல்லை என்று முடிவு கட்டினால், முன்னால் பிதுங்கி வழிந்துகொண்டு போனது கணக்கில் வராது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம், இதை ஏனோ யாரும் பேசுவதில்லை. போய்த் திரும்ப 120 நிமிடம் ஆகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட 12 பஸ் வேண்டும், அத்தனை டிரைவர் வேண்டும். லேன் போட்டதால் அது 100 நிமிடமாகக் குறைந்தால் பத்து பஸ்ஸே போதும். அல்லது அதே 12 பஸ்ஸை வைத்துக்கொண்டு எட்டு நிமிடம் இருபது விநாடிக்கு ஒன்று விடலாம். புது வண்டி வாங்காமல், புது ஆள் எடுக்காமல் சேவை கூடுகிறது. அதோடு கால அட்டவணை எப்போதும் சராசரி நாளை வைத்துப் போடப்படுவதில்லை, மோசமான நாளை வைத்துத்தான் போடப்படும். இல்லாவிட்டால் ஒரு டிரிப் தாமதம் அடுத்த டிரிப்பையும் விழுங்கிவிடும். நெரிசல் குறைவதைவிட, நெரிசல் நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதே நிர்வாகத்துக்குப் பெரிய லாபம். பயணிக்கும் அப்படித்தான். தினமும் 40 நிமிடம் ஆகும் பஸ்ஸை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பலாம், ஒரு நாள் 30 நிமிடமும் மறுநாள் 60 நிமிடமும் ஆகிற பஸ்ஸுக்கு 60 நிமிடம் முன்னால்தான் கிளம்ப வேண்டும்.

'அந்தக் கார்கள் எல்லாம் எங்கே போகும்?' என்பது அடுத்து நிச்சயம் வருகிற கேள்வி. சாலி கெய்ர்ன்ஸ், ஸ்டீபன் அட்கின்ஸ், ஃபில் குட்வின் மூவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் 11 நாடுகளிலிருந்து 70-க்கு மேற்பட்ட இடங்களை எடுத்துப் பார்த்தார்கள். கார்களுக்கான இடத்தைக் குறைத்த அந்த இடங்களில் பாதிக்குப் பாதி, பக்கத்துத் தெருக்களையும் சேர்த்து எண்ணிய பிறகும், வண்டிகளின் எண்ணிக்கை 11 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஆவியாகிப் போய்விடவில்லை, சிலர் நேரம் மாற்றினார்கள், சிலர் வழி மாற்றினார்கள், சிலர் இரண்டு வேலையை ஒரே நடையில் முடித்தார்கள், சிலர் பஸ் ஏறினார்கள். சாலையை அகலப்படுத்தினால் கூட்டம் வந்து நிரப்புகிறது என்பதன் மறுபக்கம்தான் இது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் லேனை எடுக்கலாம், கார்கள் தானாகக் குறையும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் எக்கச்சக்கமாக மாறுகிறது, சில இடங்களில் வண்டிகள் அதிகரிக்கவும் செய்தன. நகரின் நடுவில் பத்துத் தெரு இருக்கும், மெட்ரோ இருக்கும், நடந்தே போகலாம். புறநகரில் ஒரே சாலை, வேறு வழியே இல்லை என்றால் அந்தக் கார்க்காரர் எங்கே போவார்? அவருக்கு மாற்று என்று ஒன்று இருக்க வேண்டும், அந்த மாற்று பஸ்ஸாகத்தான் இருக்க முடியும். ஆகவே கோடு போடும் அன்றே பஸ் எண்ணிக்கையும் கூட வேண்டும், 'லேன் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்பது உருப்படாது.

லிவர்பூல் இதற்குச் சாட்சி. 2013-ல் அந்த ஊரில் 26 பஸ் லேன்களைப் பரீட்சார்த்தமாக நிறுத்தி வைத்தார்கள், மறு ஆண்டு நான்கே நான்கு திரும்ப வந்தது, மற்றதெல்லாம் போயே போய்விட்டது. அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் அதில் ஒரு பாடம் உண்டு. பஸ் அடிக்கடி வராத லேனை யாராலும் காப்பாற்ற முடியாது. மணிக்கு நான்கு பஸ் போகிற சாலையில் முழு லேன் கேட்டால் நானே வேண்டாம் என்றுதான் எழுதிக் கொடுப்பேன். அங்கே சிக்னல் பக்கத்தில் பஸ் முந்திப்போக அறுபது எழுபது மீட்டர் துண்டு லேனும், பஸ் வருவதை உணர்ந்து பச்சையைச் சில விநாடி நீட்டுகிற சிக்னலும் போதும்.

டெல்லியின் கதை வேறு. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு 2008-ல் சாலையின் நடுவில் பஸ் லேன் வந்தது. அங்கே பஸ்ஸுக்குக் குறைச்சலே இல்லை, ஆள் கணக்கில் பார்த்தால் அந்தச் சாலையில் போகிறவர்களில் பெரும்பகுதி பஸ் பயணிகள்தான். ஆனால் சந்திப்புகளில் பஸ், நேரே போகிற கார், திரும்புகிற கார் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பச்சை கொடுக்க வேண்டியிருந்ததால் சிக்னல் சுற்று நீண்டுகொண்டே போனது. நிறுத்தங்களையும் சந்திப்புக்குச் சற்று முன்னால் வைத்திருந்தார்கள், ஆக பஸ்ஸும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றது, காரும் நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் போய் 2012-ல் தள்ளுபடியானது, சட்டப்படி லேன் தப்பித்தது. 2016-ல் இடித்தே விட்டார்கள். ஓட்டை சந்திப்பில் இருக்க, பழி லேன் மீது விழுந்தது என்பது என் கட்சி.

ஓரமா, நடுவா என்பதில் புறநகருக்கு என்று தனிச் சிக்கல் இருக்கிறது. ஓரத்தில் போட்டால் பயணி நடைபாதையிலிருந்து நேரே ஏறலாம், செலவும் குறைவு. ஆனால் புறநகர்ச் சாலை ஓரம் என்பது கடை வாசல், பெட்ரோல் பங்க் வாசல், பள்ளி வாசல், அடுக்குமாடி வாசல் என்று வரிசையாக வாசல்கள். ஒவ்வொன்றிலும் நுழைகிறவர், வெளியே வருகிறவர், 'ரெண்டே நிமிஷம்' என்று நிறுத்திவிட்டுப் போகிறவர். ஒரே ஒரு சரக்கு வேன் நின்றால் போதும், இரண்டு கிலோமீட்டர் லேன் வீண், பஸ் வெளியே வந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். நடுவில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, வேகமும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு பயணியும் பாதிச் சாலையைக் கடந்தாக வேண்டும், கார்கள் 60, 70-ல் பறக்கிற சாலையில். கடக்கும் இடத்துக்குச் சிக்னலும், நிற்க அகலமான மேடையும் இல்லாமல் நடு லேன் போடுவது ஆளைக் கொல்கிற வேலை, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சோல் நகரம் 2004 ஜூலையில் நடு லேன்களை ஒரு பெரிய மாற்றத்தோடு சேர்த்துச் செய்தது: வழிகளை முழுக்க மாற்றி, பஸ்களுக்கு வகைக்கொரு நிறம் கொடுத்து, டிக்கெட் கார்டையும் ஒன்றாக்கி. முதல் சில நாட்கள் குழப்பமோ குழப்பம். பிறகு நிலைத்துவிட்டது. வண்டிகள் வலது புறம் ஓடுகிற இஸ்தான்புல்லில் 2007-ல் நெடுஞ்சாலை நடுவே போட்டபோது மேடை இரண்டு திசைக்கும் நடுவில், பஸ் கதவோ வலப் பக்கம். அதனால் தங்கள் லேனுக்குள் மட்டும் பஸ்களை எதிர்ப்பக்கமாக, இடது புறம் ஓடவிட்டார்கள். புது மாதிரி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் இருக்கிற பஸ்ஸை வைத்தே ஓட்டிய அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

கண்காணிப்பு இல்லாத பஸ் லேன் வெறும் பெயிண்ட். முதல் வாரம் எல்லோரும் மதிப்பார்கள், இரண்டாவது வாரம் ஒருவர் நுழைவார், ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்து மற்றவர்களும் நுழைவார்கள், மாதக் கடைசியில் ஒழுங்காக வரிசையில் நிற்பவர்தான் ஏமாளி. போலீஸ்காரர் நின்று பிடித்தால் பிடித்த வண்டியும் லேனிலேயே நிற்கும், அதுவும் ஒரு தடைதான். கேமராதான் சரி. நியூயார்க்கில் 2019 முதல் பஸ்களிலேயே கேமரா வைத்து, லேனை மறிக்கும் வண்டிக்கு நோட்டீஸ் அனுப்புகிறார்கள். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் இந்த லேனில் போகலாம், போக வேண்டும்; நெரிசல் நேரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே திறந்த வழி அது. டாக்ஸியை விடலாமா என்பது பஸ் எத்தனை என்பதைப் பொறுத்தது. நான்கு பேர் போகிற கார், மின்சாரக் கார் என்று ஒவ்வொருவராக உள்ளே விட ஆரம்பித்தால் கேமராவுக்கு யாரைப் பிடிப்பது என்று தெரியாது, அதனால் நான் அதற்கு ஆள் இல்லை.

உங்கள் சாலைக்கு வருகிறேன். நானாக இருந்தால் பத்து கிலோமீட்டரையும் ஒரே நாளில் மாற்ற மாட்டேன். பஸ் அதிகமாகச் சிக்குகிற இரண்டு மூன்று சந்திப்புகளைப் பிடித்து, அவற்றுக்கு முந்தின நீளத்தில் மட்டும், காலை மாலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் முதலில் லேன். மற்ற நேரத்தில் கடைக்காரர் சரக்கு இறக்கிக்கொள்ளட்டும், அவர் பகையை ஏன் சம்பாதிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் நீங்களே ஒரு கணக்கு எடுத்துவிடலாம். நல்ல நெரிசல் நாளில், மழையும் விடுமுறையும் இல்லாத ஒரு செவ்வாயோ புதனோ, மோசமான சிக்னலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். நேரே போகிற கார் எத்தனை, பஸ் எத்தனை, ஒவ்வொரு பஸ்ஸிலும் உத்தேசமாக எத்தனை பேர். ஜன்னல் வழியாகப் பார்த்தே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும், சிலர் நிற்கிறார்கள், நெரிசல் என்று மூன்று வகையாகக் குறித்தால் போதும். கூடவே வரிசையின் கடைசியில் வந்து நிற்கிற காரில் ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது எத்தனை பச்சைக்குப் பிறகு வெளியே போகிறது என்று எண்ணுங்கள். ஒன்று அல்லது இரண்டு என்றால் அந்த இடத்தில் லேன் அவசரம் இல்லை, சிக்னல் முன்னுரிமையே போதும். நான்கு ஐந்து என்றால் அடுத்து வரிசையின் வால் எங்கே முடிகிறது என்று பின்னால் நடந்து போய்ப் பாருங்கள், அங்கே ஏதாவது தெரு குறுக்கிடுகிறதா என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.